நினைவுகளுக்கு ஓர் இடம்
(வீட்டில் ஒட்டுப்புத்தக வேலைமூலை ஒன்றை அமைத்தல்)

தரம் 13, கலைப் பிரிவு

"வைத்த இடம் தெரியாத பொருள், வீட்டில் இருந்தும் இல்லாததற்குச் சமம்" என்று எங்கள் மனைப்பொருளியல் ஆசிரியை அடிக்கடி கூறுவார். வகுப்பில் அதைக் கேட்டுத் தலையாட்டிய நான், அதன் பொருளைச் சென்ற ஆண்டு ஆகஸ்ட் விடுமுறையில்தான் உணர்ந்தேன். அன்று நான் செய்த ஒரு பிழையையும், அதன் பின்னர் தேடிக் கற்றுக்கொண்ட விடயங்களையும் என் சகோதரிகளோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூத்தாப்பாவின் புத்தகம்

எமது வீடு வட்டகொடையில் உள்ளது. மலையகப் புகையிரதப் பாதையில் தலவாக்கலையைத் தாண்டி, கிரேட் வெஸ்டர்ன் நிலையத்துக்கு முன்னால் வரும் சிறிய நிலையம்தான் வட்டகொடை. கடல் மட்டத்திலிருந்து நாலாயிரம் அடிக்கும் மேலான உயரம். வாப்பாவின் சில்லறைக் கடைக்குப் பின்னால் இரண்டு அறைகளும் ஒரு குசினியும். இதுவே ஐந்து பேருக்கான எங்கள் வீடு.

அந்தக் கடையை முதலில் நடத்தியவர் உம்மாவின் வாப்பாவான என் மூத்தாப்பா. அவர் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஆனால் கடைக்குச் சரை சுற்ற வரும் பழைய பத்திரிகைகளை ஒரு வரி விடாமல் வாசித்த பிறகுதான் கிழிப்பாராம். பிடித்ததைக் கத்தரித்து, பழைய கணக்குக் கொப்பி ஒன்றில் ஒட்டி வைப்பார். ஊர்ப் பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறு, தெரிந்தவர்களின் மரண அறிவித்தல், கல்யாணக் கார்ட், கொழுந்து விலை பற்றிய செய்தி என்று எல்லாம் அதில் இருக்கும். ஆங்கிலத்தில் 'ஸ்கிராப் புக்' என்கிறார்களே, அந்தப் பெயர் தெரியாமலே அவர் ஓர் ஒட்டுப்புத்தகம் செய்திருக்கிறார். நான் நான்காம் வகுப்பில் இருந்தபோது அவர் வபாத்தானார். புத்தகம் கட்டிலுக்கு அடியில் போனது.

பாடசாலையில் எமது குழுவுக்கு 'எமது பிரதேசம்' என்ற தலைப்பில் ஓர் அல்பம் தயாரிக்கும் பொறுப்புக் கிடைத்தது. விடுதியிலிருந்து விடுமுறைக்கு வந்த முதல் நாளே அந்தக் கொப்பியை இழுத்து எடுத்தேன். அது ஊதிப் போயிருந்தது. ஓரங்களில் கறுப்பும் பச்சையுமாகப் பூஞ்சணம். பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. எனக்கு வேலை செய்ய வேறு இடம் இருக்கவில்லை. கட்டிலிலேயே பரப்பினேன். தம்பி பக்கத்தில் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தான். இரவுச் சாப்பாட்டுக்கு உம்மா கூப்பிடுகிறார், கட்டிலைத் துப்புரவாக்க வேண்டும். அவசரத்தில், ஒட்டியிருந்த இரு பக்கங்களைப் பிடித்து இழுத்துவிட்டேன்.

பிரிந்த பக்கத்தில் ஒரு சிறு கவிதை இருந்தது. கீழே உம்மாவின் பெயர், பாடசாலையின் பெயர். ஓரத்தில் மூத்தாப்பாவின் கையெழுத்தில் 1998 என்று ஆண்டு. உயர்தரம் படிக்கும்போது உம்மா எழுதி, ஒரு பத்திரிகையின் மாணவர் பக்கத்தில் வந்த கவிதை. உம்மா கவிதை எழுதியவர் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். பன்னிரண்டு வரிகளில் எட்டு முழுதாக இருந்தன. கடைசி நான்கு வரிகளின் எழுத்து எதிர்ப்பக்கத்துப் பசையில் ஒட்டிக்கொண்டு நாராக உரிந்து வந்துவிட்டது.

உம்மா எட்டிப் பார்த்தார். "பரவால்ல மகள், பழைய பேப்பர்தானே" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குப் போய்விட்டார். இரவு எல்லோரும் படுத்த பிறகு, தையல் மெஷினுக்கு முன்னால் இருந்துகொண்டு அவர் அந்த வரிகளை மெதுவாகச் சொல்லிப் பார்ப்பது கேட்டது. எட்டாவது வரியோடு நின்றுவிடுவார். திரும்பவும் முதலிலிருந்து தொடங்குவார்.

வேறு பிரதி எங்கும் இல்லை. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் காலையில்தான், "ஏன் இப்படி ஆனது?" என்று முறையாக யோசிக்கத் தொடங்கினேன்.

தாள் ஏன் பழுதாகிறது?

நான் கண்டுபிடித்த காரணங்கள் மூன்று.

முதலாவது ஈரம். காற்று ஒரு வெப்பநிலையில் தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை வீதம் அதில் இருக்கிறது என்பதே சாரீரப்பதன் என்று புவியியலில் படிக்கிறோம். அது நூற்றுக்கு அறுபத்தைந்து, எழுபதைத் தாண்டி நீண்ட நாள் நிலைத்தால் தாளில் பூஞ்சணம் வளரத் தொடங்கும். எங்கள் ஊரிலோ தென்மேல் பருவக்காற்றுக் காலமான மே முதல் செப்டம்பர் வரை மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். துவைத்த சீருடை மூன்று நாளாகியும் காயாது. சப்பாத்தின் உட்புறம் பச்சை பிடிக்கும். தாள் மட்டும் எப்படித் தப்பும்?

இரண்டாவது தாளின் இயல்பு. பத்திரிகைத் தாள் மரத்தை அப்படியே அரைத்த கூழில் செய்யப்படுவது. மரத்தில் உள்ள இலிக்னின் என்ற பொருள் அதில் தங்கியிருக்கும். வெளிச்சமும் காற்றும் பட அது மஞ்சளாகி, அமிலத்தன்மை கூடித் தாள் நொறுங்கும். ஆகவே பத்திரிகை நறுக்கு எப்படியும் விரைவில் முதுமையடையும். நாம் செய்யக்கூடியது அதைத் தாமதப்படுத்துவதுதான்.

மூன்றாவது பசை. மூத்தாப்பா கோதுமை மாப் பசையைத் தாராளமாகப் பூசியிருக்கிறார். மா பூஞ்சணத்துக்கும் இராமபாணப் பூச்சிக்கும் நல்ல உணவு. ஈரம் பட்டால் காய்ந்த பசையும் மீண்டும் இளகி எதிர்ப்பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இம்மூன்றுக்கும் மேலாக நான்காவது காரணம் ஒன்றும் உண்டு. அது நான்தான். ஆறுதலாக வேலை செய்ய ஓர் இடம் இருந்திருந்தால், அந்தப் பக்கத்தை அப்படியே விரித்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருப்பேன். வேலையைப் பாதியில் நிறுத்தி வைக்க இடமில்லாத வீட்டில் எல்லா வேலையும் அவசர வேலையாகிவிடுகிறது. அதனால்தான் வேலைமூலை என்பது அழகுக்கான ஏற்பாடு அல்ல, பாதுகாப்புக்கான ஏற்பாடு என்கிறேன்.

சேர்த்து வைத்தவர்கள்

"பழைய கடதாசிக்கு இவ்வளவு பாடா?" என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்காகச் சிலரை நினைவுபடுத்துகிறேன்.

தமிழ்நாட்டில் காரைக்குடிக்கு அருகில் உள்ள கோட்டையூரைச் சேர்ந்தவர் ரோஜா முத்தையா. பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். அவர் நூல்களோடு நிற்காமல் நாடக நோட்டீஸ், கல்யாண அழைப்பிதழ், கடிதம் என்று மற்றவர்கள் எறியும் கடதாசிகளையும் தன் வீட்டில் சேர்த்தார். 1992 இல் அவர் மறைந்தார். சிக்காகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் 1994 இல் அச்சேகரிப்பைக் கொண்டு சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. ஒரு வீட்டில் ஒரு தனிமனிதர் சேர்த்தவை இன்று ஆய்வாளர்கள் தேடிவரும் களஞ்சியம்.

அவ்வளவு தூரம் போக வேண்டியதுமில்லை. 1914 இல் எங்கள் வட்டகொடையின் மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்தவர் எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை. 1947 இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றத்துக்குத் தெரிவானவர். தோட்டத் தொழிலாளர்கள் வாய்மொழியாகப் பாடிய நாட்டார் பாடல்களை அவர் கேட்டுக் கேட்டுத் தொகுத்தார். பாடியவர்கள் இன்று இல்லை. அவர் எழுதி வைத்திராவிட்டால் அப்பாடல்களில் எத்தனை மிஞ்சியிருக்கும்? முஸ்லிம்கள் தமிழில் படைத்த இலக்கியங்களைத் தேடித் தொகுத்து வரலாறு எழுதிய பேராசிரியர் ம. மு. உவைஸ் அவர்களையும் இவ்விடத்தில் நாம் மறக்கலாகாது.

எங்கள் மலையகத்தில் கடதாசிக்கு இன்னொரு கதையும் உண்டு. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் பெருந்தொகையான தோட்டத் தொழிலாளர்கள் நாடற்றவர்களானார்கள். 1964 இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. எஞ்சியிருந்தவர்களின் குடியுரிமைக்கு 2003 இல்தான் சட்டம் இயற்றப்பட்டது. அந்த நீண்ட காலத்தில் ஒரு பிறப்புச் சான்றிதழ் என்பது அவர்களுக்கு வெறும் தாள் அல்ல. லயத்துக் கூரை ஒழுகும் என்பதால், சிலர் தங்கள் பத்திரங்களை மூத்தாப்பாவின் கடைப் பிஸ்கட் டின்னில் கொடுத்து வைத்திருந்தார்களாம். பிறர் தாளை அவ்வளவு பத்திரமாகக் காத்தவருடைய சொந்தப் புத்தகம் கட்டிலுக்கு அடியில் கிடந்து பழுதானதுதான் எனக்குக் கூடுதல் கவலை.

இடத்தைத் தெரிவு செய்தல்

இனி வேலைக்கு வருவோம். சிறிய வீட்டில் தனி அறை தேட வேண்டாம். மூன்று அடி நீளமும் இரண்டு அடி அகலமும் போதும். ஆனால் அந்த ஆறு சதுர அடி எங்கே என்பதுதான் முக்கியம்.

வெளிச்சுவரைத் தவிர்க்க வேண்டும். மழை அடிக்கும் பக்கத்துச் சுவரே வீட்டில் மிகக் குளிரானது. அதில்தான் நீர் வியர்க்கும். இரண்டு அறைகளுக்கும் நடுவில் உள்ள சுவர் உலர்ந்தது. குசினிப் பக்கமும் ஆகாது. ஆவி, புகை, எண்ணெய் மூன்றும் தாளுக்குப் பகை. அடுப்புக்கு அருகில் வைத்தால் காயும் என்று நினைப்பது தவறு. ஒரு வேளை காய்ந்து மறு வேளை நனையும் தாள் விரைவில் நெளிந்துவிடும்.

வெளிச்சம் யன்னலிலிருந்து வரவேண்டும். வலக்கையால் எழுதுபவருக்கு இடப்பக்கமிருந்து வந்தால் கையின் நிழல் வேலையில் விழாது. ஆனால் சேமித்து வைக்கும் பெட்டியில் நேர் வெயில் படக்கூடாது. வேலைக்கு வெளிச்சம், சேமிப்புக்கு இருட்டு என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் உம்மாவின் தையல் மெஷினுக்கு எதிரே உள்ள நடுச்சுவரைத் தெரிவு செய்தேன். கடையில் கழற்றிப் போட்டிருந்த தட்டுப் பலகை ஒன்றை வாப்பா இரண்டு பிணைச்சல்களால் சுவரில் பொருத்தித் தந்தார். வேண்டியபோது இறக்கலாம், வேண்டாதபோது மடக்கலாம். பணம் கொடுத்து வாங்கியது பிணைச்சலும் ஆணியும் மாத்திரமே. "இந்தப் பலக இறங்கியிருந்தா யாரும் கிட்டப் போகக் கூடா" என்று தம்பிக்குச் சட்டம் போட்டவரும் வாப்பாதான். இடம் ஒதுக்குவது என்பது பலகை அடிப்பதோடு முடியாது. வீட்டார் அதை மதிக்க உடன்பட வேண்டும். ஆகவே வேலையைத் தொடங்குமுன் வீட்டாரோடு பேசி நேரத்தையும் முடிவுசெய்துகொள்ளுங்கள். எனது நேரம் அஸர் தொழுகைக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்டது.

மூன்று நிலையங்கள்

மனைப்பொருளியலில் சமையலறை வேலை முக்கோணம் பற்றிப் படிக்கிறோம். அடுப்பு, கழுவுமிடம், குளிர்சாதனப் பெட்டி மூன்றும் எட்டும் தூரத்தில் இருந்தால் நடை குறையும். ஒட்டுப்புத்தக வேலையிலும் மூன்று நிலையங்கள் உள்ளன: வெட்டுதல், ஒட்டுதல், உலர்த்துதல்.

வெட்டும் இடம் வலப்பக்கம். கத்தரிக்கோல், அடிமட்டம், பென்சில் அங்கே. ஒட்டும் இடம் நடுவில். அதன் மேல் பழைய பிளாஸ்டிக் விரிப்பு ஒன்றைப் போட்டால் துடைப்பது இலகு. உலர்த்தும் இடம் இடப்பக்கம். பலர் மறப்பது இந்த மூன்றாவது நிலையத்தைத்தான். ஒட்டிய பக்கம் காயாமல் புத்தகத்தை மூடுவதே பாதிப் பழுதுக்குக் காரணம். நான் பலகைக்கு மேலே ஒரு நூலைக் கட்டி, உடுப்புக் கவ்விகளால் பக்கங்களைத் தொங்கவிடுகிறேன். இதற்காகவே தைத்த கொப்பியைக் கைவிட்டு, தனித்தனி அட்டைகளில் ஒட்டி, பிறகு துளையிட்டு நாடாவால் கட்டும் முறைக்கு மாறினேன். தனி அட்டை என்றால் ஒன்று பழுதானாலும் மற்றது தப்பும்.

நிதம் எடுப்பவை கைக்கெட்டும் உயரத்திலும், வாரம் ஒருமுறை எடுப்பவை மேல் தட்டிலும் இருக்கட்டும். ஜேம் போத்தல்களில் பட்டன், மணி, நாடாத் துண்டு ஆகியவற்றைப் போட்டால் வெளியிலிருந்தே தெரியும். பழைய சீருடைத் துணியில் பைகள் தைத்து ஓர் உடுப்புக் கொழுவியில் தொங்கவிட்டால் கத்தரிக்கோல், தூரிகை போன்றவற்றுக்கு லாச்சியே தேவையில்லை. எதையும் தரையில் வைக்காதீர்கள். தரையிலிருந்து ஆறு அங்குலமாவது உயர்த்தி, சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வைத்தால் காற்று போய்வரும்.

தேயிலைப் பெட்டி சொல்லித் தந்த பாடம்

சேமிப்புப் பெட்டிக்கு என்ன செய்வது என்று கடையில் வாப்பாவோடு பேசிக்கொண்டிருந்தேன். தோட்டத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் சாமான் வாங்க வந்திருந்தார். அவர் சிரித்துவிட்டு, "தேயிலத் தூளையே இந்த மலையில காப்பாத்துறோம். காயிதத்தக் காப்பாத்த முடியாதா பாப்பா?" என்றார்.

யோசித்துப் பார்த்தால் எவ்வளவு உண்மை! தேயிலை ஈரத்தையும் மணத்தையும் இழுத்துக்கொள்ளும் பொருள். அதனால் கொழுந்தை வாட்டி, அரைத்து, நிறம் மாறவிட்டு, கடைசியில் சூட்டில் உலர்த்தும்போது நூற்றுக்கு மூன்று அளவுக்கு மட்டும் ஈரம் மிஞ்சும்படி செய்கிறார்கள். பிறகு ஈரம் புகாதபடி அடைக்கிறார்கள். முன்பு அதற்குப் பயன்பட்டது உட்புறத்தில் அலுமினியத் தாள் ஒட்டிய பலகைப் பெட்டி. இப்போது பெரும்பாலும் கடதாசிச் சாக்குகள் வந்துவிட்டன. பெரியவர் தன் வீட்டில் அரிசி போட்டு வைத்திருந்த அப்படியொரு பழைய பெட்டியை மறுநாள் கொண்டுவந்து தந்தார். காசு வாங்கவில்லை. "ஒங்க மூத்தாப்பா எங்க பத்திரத்த வச்சிருந்தாரு" என்று மட்டும் சொன்னார்.

அந்தப் பெட்டி கற்பிப்பது இரண்டு விடயங்களை. ஒன்று, முதலில் உலர்த்து, பிறகு மூடு. ஈரத்தோடு மூடினால் அதே பெட்டி ஈரத்தை வெளியே விடாமல் தாளை அழுகவைக்கும். மழையில்லாத, வெயில் ஏறிய முற்பகலில் தாள்களை நிழலில் காற்றாட வைத்து, அன்றே மூடுவது நல்லது. சனவரி முதல் மார்ச் வரையான உலர்ந்த மாதங்கள் இதற்கு ஏற்றவை. இரண்டு, அடிக்கடி திறக்காதே. தினமும் தேவைப்படுவதை வெளியில் ஒரு பிஸ்கட் டின்னில் வைத்துக்கொள்ளலாம்.

சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பைகளை எறியாமல் சேர்த்துப் பெட்டிக்குள் போடுங்கள். அவை ஈரத்தை உறிஞ்சும். சிறு பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பூச்சிக்கு வேப்பிலை என்பார்கள். எங்கள் குளிரில் வேம்பைக் காண்பது அரிது. உம்மா ஒரு துணியில் சில கராம்புகளை முடிந்து போட்டிருக்கிறார். எதைப் போட்டாலும், மாதம் ஒருமுறை திறந்து பார்ப்பதற்கு ஈடான பூச்சி மருந்து இல்லை.

பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, காணிப் பத்திரம் போன்றவற்றை ஒருபோதும் ஒட்டாதீர்கள். அவற்றுக்குத் தனி உறை, தனி டின். ஒட்டுப்புத்தகத்துக்கு அவற்றின் போட்டோ பிரதி போதும்.

ஒட்டாமல் ஒட்டுதல்

அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் 1873 இல் ஒட்டுப்புத்தகம் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். பக்கங்களிலேயே பசை பூசப்பட்டிருக்கும். நனைத்து நறுக்கை வைத்தால் போதும். அது நன்றாக விற்பனையானது. ஆனால் அந்தப் புத்தகம் எங்கள் ஊருக்கு வந்திருந்தால், மே மாதத்து மூடுபனியில் தண்ணீர் தொடாமலே தன்னைத்தானே ஒட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். பிறர் முறையை அப்படியே எடுக்காமல் நம் காலநிலைக்குப் பொருத்திப் பார்க்க வேண்டும்.

ஒரேயொரு பிரதி உள்ள எதையும் பசையால் ஒட்ட வேண்டாம். வெள்ளைத் தாளில் சிறு முக்கோணப் பைகள் நான்கு மடித்து, அவற்றை மட்டும் அட்டையில் ஒட்டி, நறுக்கின் மூலைகளை அவற்றுள் செருகினால் போதும். எப்போது வேண்டுமானாலும் வெளியே எடுக்கலாம்.

பசை தேவையான இடத்துக்கு ஒரு பங்கு கோதுமை மாவுக்கு ஐந்து பங்கு நீர் சேர்த்து, கட்டிபடாமல் கரைத்து, சிறு தீயில் துழாவிக் கண்ணாடிபோல் மாறும்போது இறக்குங்கள். அன்றைக்குத் தேவையான அளவு மட்டும் செய்து, மெல்லிதாக ஓரங்களில் பூசுங்கள். செலோடேப் வேண்டவே வேண்டாம். அது சில ஆண்டுகளில் மஞ்சளாகிக் கழன்று, கறையை மட்டும் விட்டுச் செல்லும். ஸ்டேப்ளர் கம்பியும் குண்டூசியும் எங்கள் ஈரத்தில் துருப்பிடிக்கும். பத்திரிகை நறுக்கை நல்ல வெள்ளைத் தாளில் போட்டோ பிரதி எடுத்து, பிரதியைப் புத்தகத்திலும் மூலத்தை உறையிலும் வைப்பது மிகச் சிறந்தது.

ஒவ்வொன்றின் பின்புறமும் பென்சிலால் நான்கு விபரம் எழுதுங்கள்: எந்தப் பத்திரிகை, எந்தத் திகதி, யாரைப் பற்றியது, யார் சேர்த்தது. மூத்தாப்பா ஆண்டை மட்டும் எழுதினார், திகதியை எழுதவில்லை. ஒரு திகதி இருந்திருந்தால், பழைய இதழைத் தேடி எங்காவது போய் உம்மாவின் நான்கு வரிகளைக் கண்டுபிடித்திருக்க முடியும். அந்த ஒரு சிறு குறிப்பின் பெறுமதி எனக்கு இப்போது நன்றாகத் தெரியும்.

நனைந்த புத்தகத்தை மீட்டல்

உங்கள் வீட்டிலும் இப்படியொரு புத்தகம் இருக்கக்கூடும். அதைக் கண்டால் நான் செய்ததைச் செய்யாதீர்கள். ஒட்டிய பக்கங்களை இழுக்கக் கூடாது. புத்தகத்தை நிறுத்தி வைத்து, தானாகத் திறக்கும் இடங்களில் மை உறிஞ்சும் தாளோ வெள்ளைத் தாளோ செருகி, நிழலில் காற்றுப்பட விடுங்கள். செருகிய தாள் நனைந்தால் மாற்றுங்கள். புதிதாக நனைந்தது என்றால் இரண்டு நாட்களுக்குள் உலர்த்துவது அவசியம். அதற்குப் பின் பூஞ்சணம் தொடங்கிவிடும். நேர் வெயில், அடுப்பு, இஸ்திரிப் பெட்டி மூன்றும் வேண்டாம். காய்ந்த பூஞ்சணத்தை வீட்டுக்கு வெளியே, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு மென்மையான தூரிகையால் தட்டிவிடலாம். இளைப்பு உள்ளவர்கள் இந்த வேலையைத் தொடக்கூடாது.

பிரியாத பக்கம் பிரியாமலே இருக்கட்டும். முழுதாக இருந்தால் இன்றில்லாவிட்டாலும் என்றாவது ஒருவர் பிரிக்கலாம். கிழிந்த பிறகு யாராலும் முடியாது.

எல்லாவற்றுக்கும் முன்பாக, கையில் எடுத்ததும் கைத்தொலைபேசியில் ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடியுங்கள். படத்தை இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள். ஒரே இடத்தில் இருப்பது ஒருநாள் இல்லாமல் போகும். 2005 இல் தொடங்கப்பட்ட 'நூலகம்' என்ற எண்ணிம நூலகம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் இப்படித்தான் பிரதி செய்து எல்லோருக்கும் கிடைக்கச் செய்கிறது. பழைய பாடசாலை மலர்கள்கூட அங்கு உள்ளன.

முடிவாக

மூத்தாப்பாவின் கொப்பியில் முப்பத்தொரு பக்கங்களை மீட்டேன். மீதி இன்னும் ஒட்டியபடியே பெட்டிக்குள் பொறுமையாக இருக்கின்றன. உம்மாவின் கவிதைக்குத் தனி அட்டை செய்தேன். எட்டு வரிகளுக்குக் கீழே நான்கு வரிக்கு இடம் விட்டுப் பலகைக்கு மேலே நூலில் தொங்கவிட்டு விடுதிக்குத் திரும்பினேன்.

டிசம்பர் விடுமுறைக்கு வந்தபோது பலகை இறங்கியிருந்தது. அதன் மேல் பென்சிலும் அழிறப்பரும். அட்டையில் பன்னிரண்டு வரிகள் இருந்தன. கடைசி நான்கும் உம்மாவின் கையெழுத்து.

"ஞாபகம் வந்துட்டா உம்மா?" என்றேன்.

"ரெண்டு வரி பழசு மகள். மத்த ரெண்டும் இப்ப எழுதினது. எது எதுன்னு கேக்க வேணாம்" என்றார்.

அட்டையைத் திருப்பி, பின்புறத்தில் பென்சிலால் திகதியை எழுதினேன். அதற்குப் பக்கத்தில் இன்னொரு கொப்பியும் இருந்தது. புதியது. உம்மா அதைச் சட்டென்று எடுத்து மெஷின் லாச்சிக்குள் போட்டுவிட்டார். நானும் கேட்கவில்லை. இப்போது அந்த மூலை எனக்கு மட்டும் உரியதல்ல என்பதை விளங்கிக்கொண்டேன்.

சகோதரிகளே, உங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியிலும் அலுமாரிக்கு மேலும் என்ன இருக்கிறது என்று இந்த விடுமுறையில் ஒருமுறை பாருங்கள். உம்மாவிடமும் உம்மும்மாவிடமும் கேளுங்கள். ஆறு சதுர அடி இடத்தை ஒதுக்குங்கள். முதலில் படம் பிடியுங்கள், பிறகு உலர்த்துங்கள், கடைசியில்தான் ஒட்டுங்கள். எக்காரணம் கொண்டும் அவசரத்தில் இழுத்துவிடாதீர்கள்.